உப்பைக் கையில் கொடுக்காத ஆய்வுக்கூடம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கடைசி வரை விளங்கவில்லை. ஜோகூரில் சாஆ என்ற ஊரில் இருக்கும் என் அம்மா, கேட்பவர்களிடம் "மண்ணு சம்பந்தமா படிக்குது" என்று சொல்லி முடித்துக்கொள்வார். தம்போயில் எங்களோடு இருக்கும் மாமியார், "உப்பைக் காய்ச்சி அதுக்குள்ள கல்லைத் தொங்க விடுறா" என்பார். நான் கோபக்காரி. வேறு விஷயமாக இருந்தால் விட்டேனா பார் என்று வாதாடியிருப்பேன். ஆனால் மாமியார் சொன்னது கிட்டத்தட்ட சரியாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

விவரமாகச் சொன்னால் இதுதான். உலோகம் உருக்கும் ஆலையில் உலோகத்தை வடித்த பிறகு மிஞ்சுகிற கழிவுக்குக் கசடு என்று பெயர். ஆறினால் கறுப்புக் கட்டியாக இறுகிவிடும். ரோடு போடுகிறவர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், மிச்சம் குவிந்து கிடக்கும். எங்களுக்கு அது கோணிச் சாக்கில் லாரியில் வந்து இறங்கும். அந்தக் கட்டிக்குள் டைட்டானியமும் சிலிக்கனும் ஆக்சிஜனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கட்டியை மாவாக அரைத்து, கரித்தூள் கலந்து, அச்சில் அழுத்தி, இருபது காசு நாணயத்தின் அளவுக்கு வில்லை தட்டுவோம். அந்த வில்லையைக் கம்பியில் கட்டி, நெருப்பாய் உருகிக் கிடக்கும் உப்புக்குள் இறக்கி மின்சாரம் கொடுப்போம். ஆக்சிஜன் வில்லையை விட்டுக் கழன்று, எதிரே நிற்கும் கரித்தண்டுக்குப் போய்விடும். தனியாக விடப்பட்ட டைட்டானியமும் சிலிக்கனும் பக்கத்தில் இருக்கிற கரியைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கார்பைடு. இரண்டு கார்பைடும் கலந்து இறுகினால் எஃகையே கீறுகிற பீங்கான் கிடைக்கும். குப்பையில் இருந்து அப்படி ஒரு பொருள் வருகிறது என்று முதலில் கேட்டபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

வீட்டில் கார்பைடு என்றால் என்னவென்று தெரிந்தவர் என் கணவர் மட்டும்தான். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். இரும்பைச் சீவுகிற கத்தியின் நுனியில் கார்பைடு டிப் என்று ஒன்று இருக்கும். அவர் தேய்ந்துபோன டிப் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

"இத்தனை வருஷமா காய்ச்சுறியே, இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடு பாப்போம். சிங்கப்பூர்ல கொண்டு போயி வித்துட்டு வரேன்."

"உங்க மூஞ்சிக்கு அலுமினியம் போதும், எடுங்க அங்கிட்டு" என்பேன்.

சிரிப்போம். ஆனால் அந்த ஒண்ணே ஒண்ணுதான் என் தலையெழுத்தாக இருந்தது. வெளிப்புறம் கறுத்து உள்ளே பழுப்பாக நிற்கும் வில்லைகள் என்னிடம் நிறைய இருந்தன. மேல்தோல் கார்பைடு, உள்ளே பழைய கசடு. தோலிலிருந்து நடுமையம் வரை ஒரே கறுப்பாக, கழுவினால் உடையாமல், முழுசாக ஒரு வில்லை வர வேண்டும். அது வந்தால் என் கடைசி அத்தியாயத்தை எழுதலாம். வராவிட்டால் டாக்டர் பட்டம் இல்லை, மாஸ்டர் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கெடு நீட்டிப்பு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் பேராசிரியருக்கும் ஓய்வு வந்துவிட்டது. அவர் போனதும் எங்கள் கூடத்தை வேறொரு குழுவுக்கு ஒதுக்கப்போவதாக முடிவாகி, அந்தக் குழுவினர் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அளந்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அந்த டேப்பைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

பேராசிரியர் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லாரும் புரோப் என்றுதான் கூப்பிடுவோம். "ஒரு நல்ல வில்லை கொண்டு வா, மிச்சத்தை நான் பேசுறேன்" என்று அவர் மலாயில் சொன்னார். "இன்னும் ஒரு உலை ஓட்டம்தான் முடியும். அதுக்கு மேல ஆர்கன் வாயுவும் இல்ல, நாளும் இல்ல."

இனி உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னைக் கவிழ்த்தது அதுதான். நாங்கள் உருக்குவது சமையல் உப்பு அல்ல, கால்சியம் குளோரைடு. ஈரத்தைக் கண்டால் வெட்கமே இல்லாமல் உறிஞ்சிக்கொள்கிற உப்பு. துணி அலமாரியில் புடவை பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா வைப்போமே, வாரத்தில் அடியில் தண்ணீர் தேங்கி நிற்குமே, அதற்குள் இருக்கும் வெள்ளைக் குருணை இதேதான். ஜோகூர் காற்று எப்படி என்று தெரியும்தானே? பிஸ்கட் டின்னைத் திறந்து மூடுவதற்குள் நமுத்துப்போகிற ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு ஈரமே கூடாத உப்பை உருக்குவேன் என்று கிளம்பியது யார் புத்தி என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உப்பை வெற்றிட அடுப்பில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாரக்கணக்கில் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தின் பெரும்பகுதி காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. ஈரம் ஏறிய உப்பைச் சூடாக்கினால் ஈரம் சும்மா போகாது. போகிறபோது உப்பில் ஒரு பங்கைச் சுண்ணாம்பாக்கிவிட்டுப் போகும். அந்தச் சுண்ணாம்பு வில்லைக்குள் புகுந்து டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டால் பிறகு மின்சாரம் எவ்வளவு கொடுத்தாலும் விடாது.

உலையைப் பார்த்துக்கொண்டவர், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர். சிம்பாங் ரெங்கத்துக்காரர், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் டெக்னிஷியன். உலையின் மூடியை அவர்தான் பொருத்தினார், கம்பிகளை அவர்தான் வளைத்தார். கத்திப் பேசத் தெரியாதவர். நான் கத்தினால் காதைக் குடைந்துகொண்டு நிற்பார், ஓய்ந்த பிறகு "சரிம்மா, இப்ப சொல்லு" என்பார். நல்ல மனுஷர், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மலையைப் போல அசையமாட்டார். உப்பைக் கையில் வாங்கமாட்டார்.

நான் சேர்ந்த புதிதில், காய்ந்த உப்பு ஜாடியை அடுப்பில் இருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழ வைம்மா. நான் எடுத்துக்கிறேன்."

"ஏண்ணே?"

"உப்பைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்மா. தெரியாதா உனக்கு?"

"அண்ணே, இது கால்சியம் குளோரைடு."

"உப்புதானே?"

"நாங்க வேதக்காரங்கண்ணே, எங்களுக்கு இதெல்லாம் இல்ல."

"வேதக்காரங்க வீட்டுல மட்டும் உப்பு இனிக்குமா?" என்றார்.

உண்மையில் எங்கள் வீட்டிலும் அம்மா உப்பைக் கையில் கொடுக்கமாட்டார், மாதா படத்துக்குக் கீழே நின்றுகொண்டே கீழே வைத்துத்தான் தள்ளுவார். நான்தான் வெட்டியாக வீராப்புப் பேசினேன். ஆகவே அடுப்புக்கும் உலைக்கும் நடுவே இருந்த மேசையில் உடைந்த பளிங்குக் கல் ஒன்றைப் போட்டார் அண்ணன். நான் ஜாடியை அதன்மேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். நாளாக நாளாக எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. புரோப் கூட ஒரு நாள் உப்பு ஜாடியோடு வந்த சீன மாணவனைப் பார்த்து, "லெதாக் டூலு, லெதாக் டூலு" என்றார். முதலில் கீழே வை என்று அர்த்தம். அந்தப் பையன் இது ஏதோ பாதுகாப்பு விதி என்று நினைத்து மறுநாள் கல்லுக்கு மேல் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டுப் போனான். அண்ணனும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த வழக்கத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. அடுப்பில் இருந்து வரும் ஜாடி சூடாக இருக்கும். சூட்டோடு மூடியை இறுக்கினால் ஆறும்போது உள்ளே பிடித்துக்கொண்டு, திறக்கவே வராது. ஒருமுறை அப்படி மாட்டி ஜாடியையே உடைக்க வேண்டி வந்தது. அதனால் நான் மூடியை அரைத்திருகு திருகி வைப்பேன், அண்ணன் எடுத்து உலைக்கு ஏறும்போது மீதியை இறுக்குவார். வைப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் சூடு கொஞ்சம் தணியும் நேரம், ஒன்றிரண்டு நிமிஷம்தான் இருக்கும். அதனால் அது ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி ஓட்டத்துக்கு நான் உப்பைக் காய வைத்ததைப் போல யாரும் எதையும் காய வைத்திருக்கமாட்டார்கள். ஞாயிறு பூசைக்குப் போன இடத்திலும் அடுப்பின் சூடு நினைப்புத்தான். சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கணவர் கேட்டால் எனக்குத் தெரியாது. அடுப்பின் கண்ணாடி வழியே பார்த்தால் உப்பு வெள்ளை வெளேரென்று மணிமணியாக நின்றது. வில்லைகளையும் அதே கவனத்தோடு தட்டி வைத்திருந்தேன்.

உலை ஏற்றும் நாள் காலையில் ஜாடியை எடுத்தேன். அண்ணன் உலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். மூடியை அரைத்திருகு திருகி, பளிங்குக் கல்லில் வைத்தேன். அவர் இறங்கி ஓர் அடி எடுத்து வைத்திருப்பார். வெளியே வானம் இருண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இடி இடித்தது, விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது, உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டி அலறத் தொடங்கியது.

"அலமாக்!" என்று மலாயில் கத்திக்கொண்டு அண்ணன் மெயின் சுவிட்ச் பக்கம் ஓடினார். நான் வெற்றிட அடுப்பின் பம்பை நிறுத்த ஓடினேன். பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பெட்டி திரும்ப உயிர் பெறவில்லை. கட்டடத்து எலக்ட்ரிஷியனுக்குப் போன் போட்டால் அவர் வேறொரு கட்டடத்தில் இருந்தார். மழை பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள், மனுஷர் அங்கேயும் போனார். எலக்ட்ரிஷியன் மழையில் நனைந்து வந்து சேர்ந்து, பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூசை மாற்றிக் கொடுத்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. அவரை வழியனுப்பிவிட்டுக் கூடத்துக்கு நான் திரும்பியபோது அண்ணன் கையில் ஜாடி இருந்தது, மூடி இறுகியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் எப்போது இறுக்கினார் என்று நான் கேட்கவில்லை. அவரோ, ஆறிப்போன ஜாடியை அப்போதுதான் கல்லில் இருந்து எடுத்தார், வழக்கம்போல மீதியை இறுக்கினார், அவ்வளவுதான். இடி இடித்ததும் நான் இறுக்கிவிட்டுத்தான் ஓடியிருப்பேன், மறுபடி தளர்ந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் எடுத்து இறுக்கிவிட்டுத்தான் ஓடியிருப்பார் என்று நான் நினைத்தேன். மழை பெய்த நேரம் முழுக்க அந்த உப்பு அரைவாய் திறந்து உட்கார்ந்திருந்தது.

கொட்டும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காய்ந்த உப்பு பீங்கான் குடுவைக்குள் விழும்போது மணியரிசி கொட்டுவது போலச் சலசலக்கும். அன்றைக்குப் பொத்தென்று விழுந்தது.

"அண்ணே, சத்தம் வேற மாதிரி இருக்கே."

அவர் கொட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"மழை நேரம்மா... அதனாலயா இருக்கும்."

"திரும்பக் காய வச்சா?"

"எங்கம்மா நேரம்?"

நேரம் இல்லை. மறுபடி காய வைத்தால் அதற்குள் கூடத்தைக் காலி செய்யும் நாள் வந்துவிடும், என் பட்டத்தை முடிவு செய்யும் தேர்வுக்குழு உட்காரும் நாளும் வந்துவிடும். நிறுத்தினாலும் போச்சு, நிறுத்தாவிட்டால் ஒருவேளை பிழைக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு, "கொட்டுங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மறுநாள் காலையில் உப்பு உருகி நின்றது. வில்லையை இறக்குவதற்கு முன்னால் குறைந்த மின்சாரம் கொடுத்து உப்பைச் சுத்தம் செய்வது வழக்கம். உப்பில் ஏதாவது ஈரம் கீரம் மிஞ்சியிருந்தால் அது அதில் போகும். மீட்டரில் எண் முதலில் உயர்ந்து நிற்கும், பிறகு இறங்கி இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்துவிட்டால் உப்பு சுத்தம் என்று அர்த்தம். நல்ல நாளில் நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கியிருக்கும்.

இறங்கவில்லை. கொஞ்சம் இறங்குவது போலப் போக்குக் காட்டி ஒரே இடத்தில் நின்றது. நானும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாயு வெளியேறும் குழாயில் இருந்து புளித்த நெடி வந்து தொண்டையைப் பிடித்தது. அண்ணன் குழாயைச் சரி பார்த்தார், இணைப்பைச் சரி பார்த்தார், சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி சரி பார்த்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நான் மாதாவே மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நான் பெரிய பக்தி உள்ளவள் ஒன்றும் இல்லை. எண் நகரவில்லை.

புரோப் வந்தார். மீட்டரைப் பார்த்தார், குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "தாக் தூருன்?" என்றார். இறங்கலையா?

"இல்ல புரோப்."

அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு உலைக்குள் காற்று புகாமல் காக்கும் ஆர்கன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவ்வளவு வாயு வீணாகும், வில்லை வேக வாயு மிஞ்சாது. "இறக்கு. வேற வழியில்ல" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இறக்கினோம். ஒரு முழுப் பகலும் அதற்கு மேலும் மின்சாரம் ஓடியது. அந்த நேரத்தில் நாங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. உலையைத் திறக்க முடியாது, எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று சொல்ல ஒரு மீட்டர், அதுவும் பொய் சொல்லாத மீட்டர். வீட்டுக்குப் போனால் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவும் கோபமாக வந்தது. சீண்டாத அளவுக்குக் கெட்டுப்போச்சா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

உலை ஆறியதும் அண்ணன் மூடியைத் திறந்தார். குடுவை நெடுக விரிசல் விட்டிருந்தது. அரித்துப்போன பீங்கான், உப்பு இறுகியதும் தாங்கவில்லை.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சேம்மா" என்றார் அவர்.

"வெண்ணெய் எங்கண்ணே திரண்டுச்சு?" என்றேன்.

உப்புக் கட்டியை உடைத்து, வில்லை இருந்த பாகத்தைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டோம். இந்த உப்பு கரையும்போது தண்ணீர் சுடும். குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், சூடு ஏறிக்கொண்டே வந்தது. உப்பு கரையக் கரைய வில்லை வெளியே தெரிந்தது. கறுப்பு. நல்ல கறுப்பு. அண்ணன் மூச்சை இழுத்தார். எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றியது. மீண்டும் தண்ணீர் ஊற்றினேன். வில்லையின் ஓரம் பிரிந்தது. தோல் உரிவது போல மெல்லிய கறுப்புச் செதில்கள் கழன்று மிதந்தன, உள்ளே இருந்ததெல்லாம் வெளிறிய சேறாகக் கரைந்து குவளையின் அடியில் இறங்கியது. தடுக்க என்ன செய்வது? தண்ணீரில் கரைகிறதைக் கையால் பிடித்து நிறுத்த முடியுமா? ஆனாலும் நான் குவளைக்குள் விரலை விட்டேன். விரலில் சேறு ஒட்டியது.

அண்ணன் ஒரு செதிலை எடுத்துப் பழைய கண்ணாடித் துண்டில் இழுத்தார். கீச்சென்று கீறல் விழுந்தது. கார்பைடுதான். எங்கள் வழி தப்பில்லை, எங்கள் கசடு தப்பில்லை, தோல் அளவுக்கு எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அந்தக் கீறலைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. மூடியைப் பற்றிக் கேட்டேன். அவர் எடுத்தபோது அது தளர்ந்திருந்தது என்று சொன்னார். நான் வைத்தபடியே இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமாம்மா, அப்படியேதான் இருந்துச்சு" என்றார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் நடந்தது விளங்கியது.

"கையில வாங்கியிருந்தா அப்பவே இறுக்கியிருப்பீங்கல்ல? சண்டை வருமாம் சண்டை! இப்ப என்ன வந்திருக்கு பாருங்க!"

கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உப்பைக் கையில் கொடுத்தால்தான் சண்டை வரும் என்பார்கள், எங்களுக்குக் கொடுக்காமலே வந்தது. அவர் வழக்கம்போலக் காதைக் குடையவில்லை. "நான்தான்மா" என்றார். "நான்தான் எடுத்திருக்கணும்."

அதைக் கேட்டதும் எனக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்லாமல் போனது. இடி இடிக்கும்போது ஓடியது தப்பா? அவர் ஓடியிருக்காவிட்டால் உலையே எரிந்திருக்கும். யாரையாவது பிடித்துத் திட்டிவிட்டால் மனசு ஆறும், இதில் திட்ட ஆளே கிடைக்கவில்லை.

"நான் குழுகிட்ட வந்து சொல்றேம்மா. என்னாலதான்னு சொல்றேன். ஆளால கெட்டதுன்னு தெரிஞ்சா இன்னொரு வாய்ப்பு குடுப்பாங்க. பொருளு நல்ல பொருளு, கண்ணாடியே கீறுதே."

"வேணாண்ணே. உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். பேசாம இருங்க."

"நீ சும்மா இரு" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குழு உட்கார்ந்த நாளில் நான் செதில்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். காரணத்தைச் சொல்லத்தான் நான் முக்கியமாகத் தயாராகி இருந்தேன். ஈரம் எப்படி ஏறியது, சுண்ணாம்பு எப்படிச் சேர்ந்தது, உப்பு சரியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று படம் படமாக வரைந்து வைத்திருந்தேன். மூடியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் உப்பைக் கையில் கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பதை அந்த மேசைக்கு முன்னால் எந்த மொழியில் சொல்வது? என்னென்னவோ சொல்லிப் பார்த்து எல்லாம் கேனத்தனமாகப் பட்டது.

தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். "முழு சாம்பிள் இருக்கா?" என்று கேட்டார். குப்பியை வைத்தேன். அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். நான் காரணத்துக்கான படத்தைத் திறக்கப் போனேன். "பரவாயில்ல, புரியுது" என்று தலைவர் கையைக் காட்டினார். புரோப் எனக்காகப் பேசினார், குரல் தழுதழுக்கப் பேசினார், எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். என்னைப் பக்கத்து அறையில் இருக்கச் சொன்னார்கள், சீக்கிரமே திரும்பக் கூப்பிட்டார்கள். மாஸ்டர். இதுவரை செய்த வேலை நல்ல வேலை என்றும் சொன்னார்கள். குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா, என்னைக் கூப்பிடுறாங்களா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"முடிஞ்சிருச்சா? ஏன் கெட்டுச்சுன்னு கேட்டாங்கதானே?"

"இல்லண்ணே."

"யாரால கெட்டுச்சுன்னு?"

"ஒண்ணும் கேக்கலண்ணே. மாஸ்டர் குடுக்குறாங்களாம்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை கூடவா கேக்கல?" என்றார். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சிரித்துப் பேசிக்கொண்டே மறுபக்கக் கதவு வழியாகப் போனார்கள்.

"நான் மலாய்ல மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேம்மா. தப்பில்லாம சொல்லணும்னு என் மக கிட்ட ஒப்பிச்சுக்கூடப் பாத்தேன்."

நான் குப்பியைக் கைப்பையில் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இப்பவா?"

"ம். சொல்லுங்க."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். மதிப்புக்குரிய புரோப்மார்களே என்று தொடங்கினார். ஜாடியைக் கையில் வாங்காதது தான்தான் என்றார், அது தங்கள் ஆட்களின் பழக்கம் என்றார், மூடி திறந்து கிடந்ததற்கும் இந்தப் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை என்றார். "சாலா சாயா, புக்கான் சாலா டியா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. பொருள் நல்ல பொருள், கண்ணாடியைக் கீறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார், தயவுசெய்து இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு தடவை வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்டார். ஃபைல் எடுத்துக்கொண்டு போன ஓர் அலுவலகப் பெண் நின்று எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் எங்கும் தடுமாறவில்லை. நல்ல மலாய். கடைசியில் நன்றி சொல்லித் தலை குனிந்தார்.

பிறகு நிமிர்ந்து, பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.